ஆறாவது வினா எழுத்து

ருவியில், ஷவர்மா கடைக்கு மேல் மூன்றாம் மாடி,
வியாழன் மாலை வகுப்பு.
சுவிட்சை இரண்டு முறை தட்டுகிறாள் சுமையா.
விளக்கு அணைந்து எரிய
எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள்.
நான் பார்ப்பதில்லை,
எனக்கு மனப்பாடம்.

இரண்டாம் நிமிடம், பதினேழாம் நொடி.
தொழிலாளர் அலுவலகம், நீல நாற்காலி.
இருதயராஜ். சாரம் கட்டுபவர். நாலு மாதச் சம்பளம் பாக்கி.
பக்கத்தில் வெளிர்மஞ்சள் சட்டையில் நான்,
மாநிறக் கை எடுப்பாகத் தெரிய வேண்டுமாம்.

அதிகாரி ஏதோ கேட்டார், கைக்கு மாற்றினேன்.
அவர் கை சொன்னது:
டிக்கெட். ஊர். நான். போ.
அரபியில் சொன்னேன்: போகிறாராம்.
முத்திரை விழுந்தது.
சத்தம் எனக்கு.
மேசையின் அதிர்வு அவர் விரல் நுனிக்கு.
தலையாட்டினார்,
தான் கேட்டதற்கு அதுதான் பதில் என்று.

ஆய்வுக்காக அதே காட்சியைத்
துண்டு துண்டாக நறுக்கினேன், நொடிக்கு இருபத்தைந்து.
வலக்கைக்கு ஒரு வரிசை, இடக்கைக்கு ஒன்று,
என் குரல் எவ்வளவு பின்தங்கியது என்பதற்கு ஒன்று.
பட்டம் வந்தது.
கருத்தரங்கில் சிலர் கை தட்டினார்கள்,
சிலர் காற்றில் கை அசைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் சுமையா.
மஸ்கட்காரி, பிறவியிலேயே ஒலி அறியாதவள்.
தமிழ் தெரியாது, நம்மூர்ச் சைகையும் பாதிதான்.
ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினாள்.
பென்சிலால் தொட்டாள், கைகளை அல்ல,
இருதயராஜின் நெற்றியை.
அவள் சொன்னதைத் தமிழாக்கினால்:
இவர் கேட்கிறாரே.

பன்னிரண்டு துண்டுகள். அரை நொடிக்கும் குறைவு.
புருவம் ஏறி நிற்கிறது,
தலை ஒரு விரற்கடை முன்னால்.
போகிறேன் இல்லை.
போகவா?
சம்பளம் இல்லாமலா?

வினா எழுத்து ஐந்து என்று
ஆறாம் வகுப்பில் ஒப்பித்து மிட்டாய் வாங்கியவள் நான்.
எ, யா, ஆ, ஓ, ஏ.
சொல்லின் கடைசியில் வந்து உட்காரும் 'ஆ'வை
இவர்கள் நெற்றியில் வைத்திருந்தார்கள்,
நான் விரல்களுக்கிடையே தேடிக்கொண்டிருந்தேன்.
காது கேளாதவர் என்று படிவத்தில் நிரப்பியதும் நான்தான்.
கேட்டது அவர்.
கேளாதது யார் என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போதெல்லாம் முதல் மாதம் கைக்கு வேலையே கிடையாது.
தொடைக்கு அடியில் கையை வைத்து உட்காரச் சொல்கிறேன்.
'தண்ணீர்' என்று நினையுங்கள்.
வேண்டுமா, வேண்டும், வேண்டவே வேண்டாம்.
வங்கி கவுண்டரில் இருக்கும் லினெட்டுக்கு மூன்றுக்கும் ஒரே புன்னகை.
சுமையா அவள் முன் போய் நின்று
அந்தப் புன்னகையை வழித்து எறிவதுபோல் கையை உதறுகிறாள்.
முகக்கவசம் போட்டிருந்தால் என்ன செய்வது என்றாள்
கோழிக்கோட்டு நர்ஸ் ஷெமீனா.
நெற்றிக்கு யார் கவசம் போட்டது
என்று திருப்பிக் கேட்கிறது சுமையாவின் நெற்றி.

நெறிக்குழுவிடமிருந்து கடிதம்:
பாடத்தில் காட்டுவதானால் முகத்தை மங்கலாக்கவும்.
மங்கலாக்கிப் பார்த்தேன்.
கைகள் மட்டும் மிஞ்சின.
டிக்கெட். ஊர். நான். போ.
என் பிழை சரியாகிவிட்டது.

அனுமதி கேட்க இருதயராஜை வீடியோவில் அழைத்தேன்.
புன்னக்காயல். பின்னால் ஐஸ் பெட்டிகள்,
யாரோ வலையை இழுத்துக்கொண்டு போனார்கள்.
எல்லாம் சொன்னேன், அந்தப் பன்னிரண்டு துண்டு வரை.
ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.
முகத்தைக் காட்டு என்றார், பெயரையும் சொல்.
பிறகு கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தார்: பணம்.
உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்தார்: வரும்.

புருவம் மேலே.

பார்த்துவிட்டேன்.
இணையம் இழுத்துப் பிடிக்க, படம் அங்கேயே உறைந்தது.
நொடிக்கு இருபத்தைந்து என்று எண்ணத் தெரிந்தவள்,
எண்ணவில்லை.
என் இரண்டு கைகளும்
தொடைக்கு அடியில் இருந்தன.